ஒன்பதும் எட்டும்: வாஷிங்டன் ராஜ்யத்தின் கடன் வரம்பு பற்றி ஓர் ஆராய்ச்சி

பிரச்சினையின் தோற்றம்

2012-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் பிற்பகுதியில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடமேற்கு மூலையில் பசிபிக் சமுத்திரத்தை ஒட்டிக் கிடக்கும் வாஷிங்டன் ராஜ்யத்தில் (தேசத்தின் தலைநகரமான வாஷிங்டன் வேறு, அதற்கு எதிர்க் கோடியில் இருக்கும் இந்த ராஜ்யம் வேறு), வாக்காளர் வீடுகளுக்குத் தபாலில் வாக்குச்சீட்டுகள் வந்து சேர்ந்தன. சாவடிக்குச் சென்று வரிசையில் நின்று வாக்களிக்கும் வழக்கம் அங்கே மறைந்துவிட்டது. சமையலறை மேஜையின்மேல் சீட்டை விரித்து, ராஜ்யச் செயலாளர் வீடுதோறும் அனுப்பிவைக்கும் விளக்கப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துப் புரட்டியபடி, சிறு கட்டங்களைப் பேனாவால் நிரப்பி, உறையிலிட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவதே அங்குள்ள முறை. அந்த ஆண்டுச் சீட்டில் ஜனாதிபதித் தேர்தல் இருந்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் யோசனை இருந்தது. ஒரே பாலினத்தார் செய்துகொள்ளும் விவாகத்தை அங்கீகரிக்கும் சட்டம் ஜனங்களின் சம்மதத்துக்காகக் காத்திருந்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இவற்றைப் பற்றியே எழுதின. அதே சீட்டில், எவரும் அதிகம் பேசாத ஒரு வினாவும் இருந்தது. சட்டசபையின் 8221-ஆம் எண் தீர்மானம் என்பது அதன் பெயர். ராஜ்யத்தின் கடன் வரம்பை ஒன்பது சதவீதத்திலிருந்து எட்டு சதவீதத்துக்கு மூன்று படிகளில் இறக்குவதும், அந்த வரம்பைக் கணக்கிடும் தேதி, காலம், 'பொது வருவாய்' என்ற சொல்லின் பொருள் ஆகியவற்றை மாற்றுவதும் அதன் சாரம்.

ஜனங்கள் அதை அங்கீகரித்தார்கள். அரசியல் சாசனம் திருத்தப்பட்டது.

ஒன்பது எட்டாயிற்று என்றால் கடன் வாங்கும் உரிமை ஒன்பதில் ஒரு பங்கு சுருங்கிற்று என்றுதான் சாமானிய புத்திக்குத் தோன்றும். ஆனால் சீட்டிலிருந்த வாக்கியத்தின் முற்பாதியில் நின்ற எண்கள் எல்லோர் கண்ணிலும் பட்டனவே அன்றி, பிற்பாதியில் நின்ற சொற்கள் அநேகர் கண்ணில் பட்டிரா. உண்மையில் அந்தச் சொற்களே எண்களைவிட வலிமை வாய்ந்தவை. அன்று வாஷிங்டன் வாக்காளர்கள் எதைத் தீர்மானித்தார்கள், வரம்பு மெய்யாகவே இறங்கிற்றா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை காணும் முன், ஒரு சர்க்கார் வாங்கும் கடனுக்கு ஜனங்களின் கையால் வேலி போடும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று விரிவாகவே பார்த்தாக வேண்டும்.

வேலியின் பூர்வ சரித்திரம்

அமெரிக்க ராஜ்யங்கள் தம் கடனுக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டது அனுபவத்தின் அடியால்தான். 1825-இல் நியூயார்க் ராஜ்யம் ஈரி கால்வாயை வெட்டி முடித்தது. வரி கூட்டாமலே சுங்கத்தால் அசலும் வட்டியும் அடைபட்டு, அதற்கு மேலும் பணம் மிஞ்சும் என்பது கண்கூடாயிற்று. அதைக் கண்டு மற்ற ராஜ்யங்களும் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் பாங்குகளையும் கடன் பத்திரங்களின் பலத்தில் தொடங்கின. 1837-இல் நேர்ந்த நிதி நெருக்கடியும் அதன் பின் வந்த நெடிய மந்தமும் இந்தக் கனவைக் கலைத்தன. 1840-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியா, மேரிலாந்து, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், ஆர்கன்சா, லூயிசியானா, மிசிசிப்பி ஆகிய எட்டு ராஜ்யங்களும், அப்போது ராஜ்ய அந்தஸ்துப் பெறாதிருந்த ஃபுளோரிடாப் பிரதேசமும் தவணை தவறின. மிசிசிப்பியும் ஃபுளோரிடாவும் கடனே செல்லாது என்று கைவிரித்துவிட்டன.

நியூயார்க் தவணை தவறவில்லை. ஆனால் விளிம்பு வரை சென்று மீண்டது. 1842-இல் அது கால்வாய் வேலைகளை நிறுத்தி நேர் வரி விதித்தது. அந்த முயற்சியில் முன்னின்ற மைக்கேல் ஹாஃப்மன் போன்றவர்களின் கருத்தே 1846-ஆம் ஆண்டுச் சாசனத்தில் விதியாக உருவெடுத்தது: தற்செயலாக நேரும் பற்றாக்குறைக்காகப் பத்து லட்சம் டாலர் வரை கடன் வாங்கலாம், அதற்கு மேற்பட்ட கடன் ஒரே ஒரு வேலைக்காக இருக்க வேண்டும், அதை அடைக்கும் வரி அதே சட்டத்தில் விதிக்கப்பட வேண்டும், அந்தச் சட்டத்தைப் பொதுத் தேர்தலில் ஜனங்கள் அங்கீகரிக்க வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ரோட் தீவு ஐம்பதாயிரம் டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு ஜனங்களின் சம்மதத்தை வேண்டியிருந்தாலும், பிற ராஜ்யங்கள் பார்த்து எழுதிய மூலப்பிரதி நியூயார்க்கினுடையதே. ஜான் ஜோசப் வாலிஸ் என்ற பொருளாதாரச் சரித்திர ஆசிரியர் இதில் ஒரு நுட்பத்தைச் சுட்டுகிறார். இந்த விதிகள் வெறும் சிக்கன புத்தியால் பிறந்தவை அல்ல. வரி இல்லாமலே வேலை நடக்கும் என்று ஜனங்களுக்கு ஆசை காட்டி, தனிப்பட்ட கம்பெனிகளுக்கு விசேஷச் சலுகை வழங்கிய அரசியல் முறைக்கு முற்றுப்புள்ளி வைக்கவே அவை எழுந்தன என்பது அவர் கருத்து. கடன் வேண்டுமா, அப்படியானால் வரியையும் சேர்த்தே கேள் என்ற நேர்மைதான் 1846-ஆம் ஆண்டு விதியின் உயிர் என்று நானும் கருதுகிறேன்.

வாஷிங்டன் ராஜ்யமாக உதயமானது 1889-இல். அவ்வாண்டுக் கோடையில் ஒலிம்பியா நகரில் கூடிய சாசன சபையார் முந்தின தலைமுறையின் பாடத்தை மறக்கவில்லை. ராஜ்யத்தின் கடன் மொத்தம் நான்கு லட்சம் டாலரைத் தாண்டலாகாது என்றும், படையெடுப்பைத் தடுக்கவும் கலகத்தை அடக்கவும் வாங்கும் கடன் இதற்கு விலக்கு என்றும், வேறு எக்கடனுக்கும் ஜனங்களின் வாக்கு வேண்டும் என்றும் எழுதிவைத்தார்கள். காலிஃபோர்னியா மூன்று லட்சமும், ஓரிகன் ஐம்பதினாயிரமும் வைத்தது போன்றதே இது. ரூபமற்ற சதவீதம் எதுவும் அதில் இல்லை. எண்ணத் தெரிந்த எவனுக்கும் விளங்கும் டாலர் கணக்கு.

'கடன்' என்ற சொல்

டாலர் கணக்கு யாவருக்கும் விளங்கினாலும், அதைச் சூழ்ந்து நின்ற 'கடன்' என்ற சொல் அவ்வளவு தெளிவாக இல்லை. சாசனம் அமலுக்கு வந்து ஆறே ஆண்டுகளில், 1895-இல், ஸ்போகேன் நகரத்தின் குடிநீர் அமைப்பு பற்றிய வின்ஸ்டன் வழக்கில் வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. குடிநீர்க் கட்டணத்தால் சேரும் தனி நிதியிலிருந்து மட்டுமே அடைக்கப்படும் பத்திரம் நகரத்தின் கடன் அன்று என்பதே அதன் சாரம். நகரங்களின் வரம்பு பற்றி எழுந்த இந்த வியாக்கியானம் 'தனி நிதிக் கோட்பாடு' என்ற பெயரில் நாடெங்கும் பரவிற்று. இன்று அமெரிக்காவில் வாங்கப்படும் உள்ளூர், ராஜ்யக் கடன்களில் பெரும் பகுதிக்கு இது அஸ்திவாரம். தண்ணீர் விற்ற காசில் தண்ணீர்க் குழாயின் விலையைக் கட்டுவது பொதுப் பொக்கிஷத்தைத் தொடாத காரியம் என்பதில் நியாயம் உண்டு.

நியாயம் உண்டு என்பதாலேயே அது நீட்டவும் பட்டது. சுங்கமும் கட்டணமும் போய், விற்பனை வரி போன்ற பொது வரிகளில் ஒரு பங்கை ஒதுக்கி, அதையும் 'தனி நிதி' என்று பெயரிட்டு, அதன்மேல் பத்திரம் வெளியிடும் வழக்கம் வளர்ந்தது. 1963-இல் ராஜ்ய நிதிக் குழுவுக்கும் மார்ட்டின் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் அதே நீதிமன்றம் இதற்குக் கதவடைத்தது. ஜனங்கள் எல்லோரும் கட்டும் வரியிலிருந்து அடைக்கப்படுவது, எந்தப் பெயரிட்டு அழைத்தாலும், சாசனம் சொல்லும் கடனே என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அதன் விளைவு, 1889-இல் எழுதிய நான்கு லட்சம் டாலர், விமானங்கள் கட்டி உலகுக்கு விற்கும் ஒரு ராஜ்யத்தின் கழுத்தை நெரிக்கும் கயிறாயிற்று.

கயிற்றைத் தளர்த்த 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போயிங் கம்பெனியின் வீழ்ச்சியால் சியாட்டில் நகரம் ஆட்டங்கண்டு, நகரைவிட்டு வெளியேறும் கடைசி மனிதர் விளக்குகளை அணைத்துவிட்டுப் போகும்படி வேண்டும் பலகையைச் சாலையோரத்தில் சிலர் நிறுத்தியது 1971-இல். அடுத்த ஆண்டு, ஆளுநர் டான் எவன்ஸ் 'வாஷிங்டனின் எதிர்காலம்' என்ற பொதுப்பெயரில் பல கடன் பத்திர யோசனைகளை ஜனங்கள் முன் வைத்த அதே தேர்தலில், சாசனத்தின் அறுபதாவது திருத்தமும் நிறைவேறிற்று. அதுவே ஒன்பது சதவீதத்தின் பிறப்பு. எந்த ஆண்டிலும் கட்ட வேண்டிய முதலும் வட்டியும், அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளின் பொது வருவாய்ச் சராசரியில் ஒன்பது சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது விதி. சட்டசபையில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதித்தால், இந்த எல்லைக்குள் ஜனங்களைக் கேளாமலே கடன் வாங்கலாம்.

தவணைக்கு வைத்த வரம்பு

இந்த விதி எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சொல்வதே இல்லை. ஆண்டுக்கு எவ்வளவு தவணை கட்டலாம் என்றுதான் சொல்கிறது. குடும்பஸ்தர் யாருக்கும் இரண்டுக்கும் உள்ள பேதம் தெரியும். ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் இருபத்தைந்து ஆண்டு கட்டச் சக்தி உள்ளவருக்கு, வட்டி ஐந்து சதவீதமானால் சுமார் 14 கோடி முதல் கிடைக்கும். வட்டி மூன்று சதவீதமானால் 17 கோடிக்கு மேல் கிடைக்கும். வருமானம் மாறவில்லை, வரம்பு மாறவில்லை. வாங்கத்தக்க முதல் மட்டும் கூடிவிட்டது. ஆகவே 'கடன் வரம்பு' என்ற சொல்லே சற்று வழி தவறச் செய்வது. எங்கோ பத்திரச் சந்தையில் நிர்ணயமாகும் வட்டி விகிதம், வாக்காளரைக் கேளாமலே, நாள்தோறும் இந்த வரம்பைத் திருத்திக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. வாஷிங்டனில் தனிநபர் வருமானத்தின்மேல் பொதுவான வரி கிடையாது. பொக்கிஷம் விற்பனை வரியையே பெரிதும் நம்பி இருக்கிறது. வியாபாரம் செழித்தால் வருவாய் துள்ளும். மந்தம் வந்தால் சரியும். மூன்று ஆண்டுச் சராசரி இந்தத் துள்ளலையும் சரிவையும் அப்படியே வரம்புக்குள் கொண்டுவந்தது. விஷயம் தெளிவாக ஒரு கற்பிதக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எட்டு ஆண்டுகளில் வருவாய் முறையே 90, 95, 100, 105, 110, 115, 95, 90 என்று இருப்பதாகக் கொள்வோம். ஆறாம் ஆண்டு முடிவில், அதாவது உச்சத்தில், மூன்று ஆண்டுச் சராசரி 110. அதில் ஒன்பது சதவீதம் 9.9. எட்டாம் ஆண்டு முடிவில் சராசரி 100. ஒன்பது சதவீதம் 9.0. உச்சத்தில் இருந்தபோது 9.9-ஐ நம்பி முழுதும் கடன் வாங்கிவிட்ட சர்க்கார், இரண்டு ஆண்டு கழித்து, பழைய தவணைகள் இருபது ஆண்டுக்கு மேல் பாக்கி இருக்கையில், வரம்பைத் தாண்டி நிற்கும். புதிதாக ஒரு பள்ளிக்கூடச் சுவர் எழுப்பவும் வழி இராது. ஊரே வேலையின்றி இருக்கும்போது, சிமெண்டும் இரும்பும் விலை இறங்கியிருக்கும்போது, கொத்தனாரும் தச்சரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சர்க்காரால் கட்ட முடியாது. எல்லாம் விலை ஏறி, ஆள் கிடைக்காத காலத்திலோ கட்டு கட்டு என்று விதியே தூண்டும். 2008-க்குப் பின் வந்த பெரு மந்தத்தில் ராஜ்யம் இந்த அவஸ்தையைத்தான் கண்டது. அதை ஆராய 2011-இல் சட்டசபை ஒரு கடன் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தது. ராஜ்யப் பொருளாளர் ஜேம்ஸ் மெக்கின்டயர் அதன் தலைவர். 2012-இல் ஜனங்கள் முன் வந்த திருத்தம் அந்தக் குழுவின் சிந்தனையிலிருந்து விளைந்தது.

திருத்தத்தின் மூன்று கைகள்

திருத்தம் மூன்று காரியங்களைச் செய்தது. அவற்றைத் தனித்தனியே நிறுத்துப் பார்த்தால்தான் மொத்த விளைவு புலப்படும்.

சதவீதத்தைக் குறைத்தது முதலாவது. 2014 ஜூலை 1 முதல் எட்டரை. 2016 ஜூலை 1 முதல் எட்டேகால். 2034 ஜூலை 1 முதல் எட்டு. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் நடுவே பதினெட்டு ஆண்டுகள் கிடக்கின்றன என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். வாக்குச்சீட்டில் 'மூன்று படிகள்' என்று ஒரே மூச்சில் சொல்லப்பட்டவற்றுள், கடைசிப் படி வரும்போது, 2012-இல் பிறந்த குழந்தைக்கு இருபத்திரண்டு வயது நெருங்கியிருக்கும்.

இரண்டாவது, மூன்று ஆண்டுச் சராசரியை ஆறு ஆண்டுச் சராசரியாக்கியது. மேற்படி கற்பிதக் கணக்கையே மறுபடி எடுத்துக்கொள்வோம். உச்சத்தில் ஆறு ஆண்டுகளின் கூட்டல் 615, சராசரி 102.5. இரண்டு ஆண்டு சரிந்த பின்னும் அந்த ஆறு ஆண்டுகளின் கூட்டல் அதே 615. சராசரி அதே 102.5. வருவாய் 115-லிருந்து 90-க்கு விழுந்தும் வரம்பு அசையவில்லை. எண்களை நான் இப்படி அமையும்படி தேர்ந்தது மெய்தான். நடைமுறையில் சிறிது அசைவு இருக்கவே செய்யும். ஆயினும் தத்துவம் இதுவே: நல்ல காலத்தில் அடக்கிப் பிடித்து, கெட்ட காலத்தில் கைகொடுத்துத் தூக்குகிறது நீண்ட சராசரி. இத்திருத்தத்தில் ஐயத்துக்கு இடமின்றி நன்மை என்று நான் கருதும் பகுதி இதுதான். வாக்குச்சீட்டில் 'கணக்கிடும் காலம்' என்ற இரண்டே சொற்களில் ஒடுங்கிக் கிடந்த பகுதியும் இதுதான். வருவாய் வளர்ந்துகொண்டே போகும் சாதாரண ஆண்டுகளில் நீண்ட சராசரி பின்தங்கியே நிற்கும் ஆதலால், வரம்பு ஓரளவு இறுகவும் செய்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பொது வருவாய் என்ற சொல்லுக்குள் ராஜ்யம் விதித்துப் பொது நிதியில் சேரும் சொத்து வரியையும் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களுக்கென்று வசூலாகும் அந்த வரி அதுவரை வரம்பின் கணக்கில் சேராமல் வெளியே நின்றது. இப்போது சதவீதம் குறைந்தது, ஆனால் எதன் சதவீதமோ அது பெருத்தது. நூறில் ஒன்பது பங்கு ஒன்பது. நூற்றுப் பன்னிரண்டரையில் எட்டுப் பங்கும் ஒன்பதே. அதாவது, பழைய பொது வருவாயில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சொத்து வரி புதிதாக வந்து சேருமானால், ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறங்கியது எண்ணளவில் இறக்கமே தவிர டாலர் அளவில் இறக்கமே ஆகாது. எட்டரையும் எட்டேகாலும் நடப்பில் உள்ள காலத்தில், அதைவிடக் குறைந்த சேர்க்கையே போதும்.

இதை ஏமாற்று என்று சொல்ல நான் துணியவில்லை. விற்பனை வரியைப் போல் சொத்து வரி துள்ளுவதில்லை. ராஜ்யத்தில் அது ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் வளரக்கூடாது என்ற கட்டுப்பாடு நெடுநாளாக இருந்துவந்தது. நிதானமான ஒரு வருவாயை அளவுகோலில் சேர்ப்பது அளவுகோலையே நிதானமாக்கும். அது ஆராய்ச்சிக் குழுவின் நோக்கத்துக்கு இசைந்தது. அதே கட்டுப்பாட்டால் சொத்து வரியின் பங்கு காலம் செல்லச் செல்லத் தேய்ந்து, வரம்பு மெல்ல மெல்ல மெய்யாகவே இறுகும் என்றும் 2012-இல் ஒருவர் நியாயமாக எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் எதிர்பார்த்தபடி நடந்ததா? அவ்வாண்டு ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் மெக்கிளியரி வழக்கில், ராஜ்யம் பள்ளிக்கூடங்களுக்குப் போதிய பணம் தரவில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அத்தீர்ப்பை நிறைவேற்ற 2017-இல் சட்டசபை கூடுதலான ராஜ்யச் சொத்து வரி ஒன்றை விதிக்க, 2018 முதல் அது வசூலாயிற்று. ஆசிரியர் சம்பளத்துக்காகப் போட்ட அந்த வரி, பொது நிதியில் வந்து சேரும் அளவுக்கு, கடன் வரம்பின் அடித்தளத்தையும் அகலமாக்கிற்று. கடனைப் பற்றி எவரும் விவாதிக்கவில்லை, வரம்போ நகர்ந்துவிட்டது. சதவீதத்தைச் சாசனத்தில் பூட்டி வைத்து, அந்தச் சதவீதம் எதனுடையதோ அதை மட்டும் சாதாரணச் சட்டத்தின் கையில் விடும் எந்த வரம்புக்கும் இந்தக் கதியே நேரும்.

வேலிக்கு அப்பால்

வரம்புக்குள் என்ன வருகிறது என்பதோடு, எது வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். வாகன எரிபொருள் வரியை ஈடாகக் காட்டி வாங்கும் கடன் இதில் சேராது; பள்ளி மாவட்டங்களின் கடனுக்கு ராஜ்யம் கொடுக்கும் ஜாமீன் சேராது. சியாட்டிலின் கிழக்கே வாஷிங்டன் ஏரியின் குறுக்கே, ஆழம் மிகுதியாதலால் தூண் நாட்டாமல், கான்கிரீட் தெப்பங்களின்மேல் மிதக்கும்படி கட்டி 2016-இல் திறக்கப்பட்ட 520-ஆம் நெடுஞ்சாலைப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 2,350 மீட்டர் நீளமுள்ள அந்த மிதவைப் பாலத்துக்கு வாங்கிய கடனில் ஒரு பகுதிக்குச் சுங்கம் முதல் ஈடு. அது போதாவிட்டால் எரிபொருள் வரி. அதுவும் போதாவிட்டால் ராஜ்யத்தின் முழு நாணயமும் பொறுப்பு. ராஜ்யம் தன் நாணயத்தையே அடகு வைத்த கடன், ராஜ்யத்தின் கடன் வரம்பில் எண்ணப்படுவதில்லை. சுங்கம் வரும் வரையில் இதில் அபாயம் இல்லை என்பது உண்மை. ஆனால் வரம்பு என்பதே அபாயம் வரும் நாளை நினைத்து வைப்பதுதானே.

குத்தகை முறை மற்றொரு வழி. சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தலைமைக் கட்டிடம் கட்ட, குத்தகையாக வாடகை கட்டிக் கடைசியில் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. அது கடனா என்ற வழக்கில், சட்டசபை பணம் ஒதுக்காவிட்டால் குத்தகை முறிந்துவிடும் என்ற ஷரத்து இருப்பதால் அது கடன் அல்ல என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. சட்ட நோக்கில் சரி. ஆனால் ஓர் இலாகா முழுவதும் குடியிருக்கும் கட்டிடத்தின் வாடகையை நிறுத்த எந்தச் சட்டசபை துணியும்?

இவ்விஷயத்தில் வாஷிங்டனைவிட நியூயார்க் வெகுதூரம் சென்றது. 1846-இல் முன்மாதிரி விதி எழுதிய அந்த ராஜ்யத்தில்தான், 1960-இல், நெல்சன் ராக்பெல்லர் ஆளுநராக இருந்தபோது, வீட்டு நிதி ஸ்தாபனத்துக்காக 'தார்மிகப் பொறுப்புப் பத்திரம்' என்பதை ஜான் மிட்சல் என்ற பத்திர வழக்கறிஞர் வகுத்தளித்தார். சட்டப்படி ராஜ்யம் கட்டக் கடமைப்பட்டதல்ல, ஆனால் தர்மத்துக்குக் கட்டும் என்பது அதன் பொருள்; ஆகவே ஜனங்களின் வாக்கு வேண்டியதில்லை. இம்முறையில் வளர்ந்த நகர அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் 1975 பிப்ரவரியில் தவணை தவறிற்று. 1991-இல் அதே கார்ப்பொரேஷனுக்கு ராஜ்யம் தன் அட்டிகா சிறைச்சாலையை இருபது கோடி டாலருக்கு விற்று, வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. விற்றவனும் வாங்கியவனும் ஒருவனே ஆன அந்த விற்பனையின் விலை, கடன் பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணம்.

அறிஞர்கள் இதை வெகுநாளாகவே ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஏ. ஜேம்ஸ் ஹைன்ஸ் 1963-இல் வெளியிட்ட நூலில், சாசனத் தடை கடனைக் குறைப்பதைவிட, ராஜ்யத்தின் உத்தரவாதம் இல்லாத, ஆகவே வட்டி கூடிய பத்திரங்களின் பக்கம் தள்ளிவிடுகிறது என்று வாதித்தார். தடையுள்ள ராஜ்யங்கள் தனி ஸ்தாபனங்களை அதிகம் நாடுகின்றன என்பதை 1991-இல் பெவர்லி பஞ்ச் காட்டினார். 1996-இல் கீவியெட்டும் ஸகாலியும் எழுதிய ஆராய்ச்சி இன்னும் நுட்பமானது: ஜனங்களின் வாக்கைக் கேட்டாக வேண்டிய ராஜ்யங்களில் உத்தரவாதக் கடன் மெய்யாகவே குறைகிறது என்றும், ஆனால் தடையின் பாரம் உள்ளூர் ஸ்தாபனங்களின் தலையில் இறங்கும் போக்கும் உண்டு என்றும் அவர்கள் முடிவு கண்டார்கள். வரம்புகள் வீண் என்று சொல்பவர்களும், வரம்புகளே ரட்சை என்று சொல்பவர்களும் இந்த ஆராய்ச்சியில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலி பயனற்றதல்ல. அது எங்கே நாட்டப்படுகிறதோ அங்கே தடுக்கிறது. தடுக்கப்பட்டது வேறு வழியாகப் போகிறது. போகிற வழியை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வி.

வாஷிங்டன் ஜனங்கள் அந்த வழியைக் காவல் செய்ய ஒருமுறை முயன்றதும் உண்டு. பொது மின்சார ஸ்தாபனங்கள் ஒன்றுகூடி அமைத்த மின்வழங்கு அமைப்பு ஒன்று ஐந்து அணு உலைகள் கட்டப் புறப்பட்டுக் கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபோது, 1981-இல், இப்பேர்ப்பட்ட பெருங்கடனுக்கு வாக்காளர் சம்மதம் வேண்டும் என்ற சட்டத்தை ஜனங்களே முன்மொழிந்து நிறைவேற்றினார்கள். முன்பே செய்த ஒப்பந்தங்களுக்கு அது ஊறு செய்கிறது என்று நீதிமன்றங்கள் அதைச் செல்லாததாக்கின. 1983-இல் நான்காம், ஐந்தாம் உலைகளின் பத்திரங்கள் 225 கோடி டாலருக்குத் தவணை தவறின. அமெரிக்க நகராட்சிப் பத்திரச் சரித்திரத்தில் அதுவரை காணாத வீழ்ச்சி. ராஜ்யத்தின் ஒன்பது சதவீதக் கணக்கில் அதில் ஒரு டாலர்கூடச் சேர்ந்திருக்கவில்லை.

சம்மதத்தின் அளவு

2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எதிர்த்தவர்கள் பேசியது பெரும்பாலும் வேலையைப் பற்றி: சதவீதம் குறைந்தால் பள்ளிகளும் கல்லூரிக் கட்டிடங்களும் தாமதமாகும், கட்டிடத் தொழிலாளர் நஷ்டப்படுவர் என்று. ஆதரித்தவர்கள் பேசியது வட்டிச் சுமையைப் பற்றி: கட்டும் தவணையில் மிச்சமாவது பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் ஆகும் என்று. இரு சாராரும் ஒன்பதும் எட்டும் மெய்யான இறக்கம் என்றே கொண்டார்கள். சராசரியின் நீட்சியையும் வருவாயின் விரிவையும் பற்றிய விவாதமோ, நான் மேலே காட்டிய கணக்கைப் போல எவருக்கும் விளங்கத்தக்கதாய் இருந்தும், பின்னுக்குப் போயிற்று.

ஜனங்களைக் கேட்பதே வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. 2004 மார்ச்சில் காலிஃபோர்னியா வாக்காளர்கள், பழைய பற்றாக்குறையை அடைக்க ஆயிரத்தைந்நூறு கோடி டாலர் வரை கடன் வாங்க அனுமதித்தார்கள். அதே நாளில், இனி அப்படி வாங்கலாகாது என்று சாசனத்தில் எழுதினார்கள். ஒன்று தோற்றால் மற்றதும் தோற்கும்படி இரண்டும் பிணைக்கப்பட்டிருந்தன. தொகை சீட்டிலேயே இருந்தது, காரணமும் இருந்தது. சம்மதமோ மறுப்போ, அதற்குப் பொருள் இருந்தது. 2016-இல் அதே ராஜ்யத்தில், இருநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட வருவாய்ப் பத்திரங்களுக்கும் வாக்கு வேண்டும் என்ற யோசனை மயிரிழையில் தோற்றது. அங்கும் எதைப் பற்றி வாக்களிக்கிறோம் என்பது வாக்காளருக்குத் தெரிந்திருந்தது. டாலராகச் சொன்னால் ஜனங்களுக்குப் புரியும். சதவீதமாகவும், அந்தச் சதவீதத்தின் அடியில் ஒரு சொல்லிலக்கணமாகவும் சொன்னால், புரிந்துகொள்ள ஆராய்ச்சிக் குழு வேண்டும்.

ஆகையால் வாஷிங்டன் ராஜ்யத்தின் விளக்கப் புத்தகத்தில், இத்தகைய திருத்தம் இனி எப்போது வந்தாலும், மூன்று கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில் அச்சாக வேண்டும் என்பது என் கருத்து. பழைய விதியில் இவ்வாண்டு எத்தனை டாலர் தவணை கட்டலாம், புதிய விதியில் எத்தனை என்பது முதற் கணக்கு. வருவாய் சரிந்த அண்மை ஆண்டு ஒன்றை எடுத்து, அதில் இரண்டு விதிகளும் என்ன சொல்லியிருக்கும் என்பது இரண்டாவது. வரம்பில் எண்ணப்படாமல் ராஜ்யத்தின் நாணயத்தையோ வாடகையையோ நம்பி நிற்கும் பொறுப்புகள் எத்தனை என்பது மூன்றாவது. மூன்றும் பொருளாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே உள்ள கணக்குகளிலிருந்து எடுக்கத்தக்கவை. ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாதவை.

கடைசிப் படி இன்னும் வரவில்லை. 2034 ஜூலை 1 அன்று எட்டேகால் எட்டாகும். அன்று வெளியாகும் இருபத்தைந்து ஆண்டுப் பத்திரம் ஒன்றின் கடைசித் தவணை 2059-இல் முடியும். அதைக் கட்டப்போகிறவர்களில் அநேகர் 2012-இல் சமையலறை மேஜையில் அந்தச் சீட்டை நிரப்பியவர்களின் பேரக்குழந்தைகளாக இருப்பார்கள். அந்த எட்டு, பழைய ஒன்பதைவிடச் சிறியதா பெரியதா என்பதை, இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிக்கூட வரியைப் பற்றியும் பொது நிதியைப் பற்றியும் வேறு காரணங்களுக்காகச் சட்டசபை நிறைவேற்றும் சட்டங்கள் நிர்ணயிக்கும்.